வண்டியை விட்டு இறங்குங்கள்: வாசகர் கேள்வி – பதில்

(திருநெல்வேலி சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டை வரை, பழைய நெடுஞ்சாலையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கும் ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அவரே பதில் எழுதியிருக்கிறார். “பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்று போட்டால் போதும்” என்பது அவருடைய நிபந்தனை.)

*அண்ணாச்சி, நடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? எழுபது வயதான என் தாயாரை அழைத்து வரலாமா?*
– வாசகி, அம்பாசமுத்திரம்

காலை ஆறு மணிக்குச் சந்திப்பில் ஈரடுக்கு மேம்பாலத்தின் அடியில் கூடுகிறோம். பாளையங்கோட்டையில் முடிக்கிறோம். கூடக்குறைய ஐந்து கிலோமீட்டர், மூன்று மணி நேரம். நேரமெல்லாம் நடப்பதில் போவதில்லை, நிற்பதில்தான் போகிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடப்பதைவிட நிற்பதுதான் கடினம் என்பது எனக்கும் என் மூட்டுக்கும் தெரியும்.

தாயாரைத் தாராளமாக அழைத்து வாருங்கள். வழி நெடுகப் பஸ் உண்டு. முடியவில்லை என்றால் எந்த இடத்திலும் ஏற்றி அனுப்பிவிடலாம். முதல் தடவை எனக்கு அந்தப் புத்தி இல்லை. சித்திரை மாதத்தில், காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து, பதினான்கு இடங்களில் நிறுத்திப் பிரசங்கம் செய்தேன். வண்ணார்பேட்டை வந்தபோது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடை நிழலில் உட்கார்ந்துவிட்டார். “அண்ணாச்சி, வரலாறு போதும். இங்கே மோர் எங்கே கிடைக்கும்?” என்று கேட்டார். அன்றைக்கு நின்ற இடங்களில் பாதியை வெட்டிவிட்டேன். இப்போது ஏழு இடங்கள்தான். மோர்க்கடையும் அதில் ஒன்று.

*நெல்லையப்பர் கோயில் இருக்கிறது, குற்றாலம் இருக்கிறது. ரோட்டைக் காட்டுவதற்கு ஒரு நடையா? இதற்குக் காசு வேறு வாங்குகிறீர்களா?*
– வாசகர், சங்கரன்கோவில்

காசு வாங்குவதில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தால் குடிப்பேன்.

நீங்கள் ரோடு என்று தள்ளிவிட்டதை எங்கள் தாத்தா காலத்தில் மங்கம்மாள் சாலை என்றார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள், மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலையும் வழியில் சத்திரமும் சாவடியும் அமைத்தார் என்பது தெற்கே எந்த ஊரில் கேட்டாலும் சொல்லும் செய்தி. அதற்கு முன்னாலும் வழி இருந்திருக்கும். ராணி வந்துதான் மனிதன் நடக்கக் கற்றுக்கொள்ளவில்லை. வண்டி மாடு, பல்லக்கு, பட்டாளம், யாத்திரைக்காரன், கருவாட்டுக்கூடை எல்லாம் இந்தத் திசையில்தான் போயின.

கோயிலைப் பார்க்க ஆயிரம் பேர் கூட்டிப் போவார்கள். சாலை வளைகிற இடத்தில் நிறுத்தி “இது ஏன் இங்கே வளைகிறது?” என்று கேட்க ஆள் இல்லை. நான் முப்பத்துநான்கு வருடம் தாரிலும் ஜல்லியிலும் கிடந்தவன். ஒரு சாலை காரணம் இல்லாமல் வளையாது. ஆற்றில் இறங்க வசதியான கரை, ஒரு குளத்தின் மடை, ஒரு கோட்டைச் சுவர், ஒரு பெரிய மனிதரின் தோட்டம்! காரணம் போய்விட்டாலும் வளைவு மட்டும் நிற்கும். நேராகப் போகிற சாலை மீது எனக்கு மரியாதை கொஞ்சம் குறைவு.

*சுலோசன முதலியார் பாலத்துக்காக அவருடைய மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று எங்கள் பள்ளியில் சொன்னார்கள். உண்மையா? அந்தப் பாலத்தில் பார்க்க என்ன இருக்கிறது? தினமும் பஸ்ஸில் போகிறேன், ஒன்றும் தெரிவதில்லை.*
– வாசகர், மேலப்பாளையம்

பஸ்ஸில் போனால் ஒன்றும் தெரியாது. இந்தப் பாலத்தை மேலேயிருந்து பார்க்கக் கூடாது.

முதலில் கதை. தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் திருநெல்வேலி, அந்தப் பக்கம் பாளையங்கோட்டை. இடையில் ஆறு. தண்ணீர் குறைந்தால் இறங்கி நடக்கலாம், கூடினால் படகு. ஐப்பசி கார்த்திகையில் படகும் ஓடாது. கச்சேரிக்கு, அதாவது சர்க்கார் அலுவலகத்துக்கு, போக வேண்டியவனும், பிள்ளை பெறப் போன மகளைப் பார்க்க வேண்டியவளும் கரையில் மூட்டையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பாலம் வேண்டும் என்று கலெக்டர் தாம்சன் காலத்தில் முடிவாயிற்று. செலவு ஏறக்குறைய அரை லட்சம் ரூபாய். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை ஊழியராக, இருந்தவர் சுலோசன முதலியார். ஊரார் தலையில் வசூல் விழக்கூடாது என்று அவரே செலவை ஏற்றுக்கொண்டார். 1843இல் பாலம் திறந்தது. மனைவி வடிவாம்பாள் நகைகளைத் தட்டில் வைத்துக் கொடுத்தார் என்பது ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. நான் நகைப்பெட்டியைத் திறந்து பார்த்தவன் இல்லை. ஆனால் அரை லட்சம் ரூபாய் ஒரு வீட்டிலிருந்து வெளியே போகும்போது அந்த வீட்டுப் பெண்ணின் கழுத்துக்குத் தெரியாமல் போயிருக்காது என்று நடையில் வருகிற பெண்கள் சொல்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை.

பாலத்தின் முனையில் கல்வெட்டுத் தூண் ஒன்று நிற்கிறது. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் அங்கிருந்து கீழே இறக்கிவிடுவேன்.

ஆற்றுப் படுகையில் நின்று அண்ணாந்து பாருங்கள். 11 ஆர்ச்சுகள். ஒவ்வொன்றும் 60 அடி. பாலத்தின் நீளம் 760 அடி. இங்கேதான் சிறுவர்களைக் கணக்குப் போடச் சொல்வேன்: 11 அறுபது 660, மிச்சம் 100 அடி, நடுவே தூண்கள் 10. ஆக, தூணுக்கு 10 அடி. சொன்னவுடன் ஒருவன் ஓடிப்போய்க் கைகளை விரித்துத் தூணை அளப்பான். அந்த ஓட்டத்துக்காகத்தான் இந்தக் கணக்கு.

கல்லில் கையை வையுங்கள். ஆர்ச்சுக்குள் வெயில் படாத பக்கம் வைகாசியிலும் சில்லென்று இருக்கும். சுண்ணாம்பு கசிந்து வெள்ளை வெள்ளையாக இறங்கியிருக்கும். இரண்டு கற்களின் இடுக்கில் அரசங்கன்று ஒன்று முளைத்திருக்கும். அதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். பாலத்துக்கு லாரியைவிட அரசங்கன்று பெரிய எதிரி. இந்தக் கற்களைச் சாரம் கட்டி, இரண்டு பக்கமிருந்தும் அடுக்கிக்கொண்டே வந்து, உச்சியில் கடைசிக் கல்லை இறக்கிய பிறகுதான் சாரத்தைப் பிரிப்பார்கள். பிரித்த நிமிடத்தில் கல் கல்லைத் தள்ளும், தள்ளுவதாலேயே நிற்கும். மேலே பாரம் ஏற ஏற இறுக்கம் கூடும். இரும்புக் கம்பி கிடையாது. பின்னாளில் பாலத்தை அகலப்படுத்தினார்கள், பக்கத்தில் புதுப்பாலமும் வந்துவிட்டது. அதனால்தான் உங்கள் பஸ்ஸுக்கு இதன் வயது தெரிவதில்லை.

லண்டனில் இருந்த வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து இதை அமைத்தார்கள் என்பார்கள். அந்த வாட்டர்லூ பாலத்தை 1930களில் இடித்துவிட்டு வேறு கட்டிக்கொண்டார்கள். நம்முடையதன் மேல் இன்னும் சங்கரன்கோவில் வண்டி போகிறது.

*கிலோமீட்டர் கல்லில் ஏன் சிலவற்றுக்கு மஞ்சள் தலை, சிலவற்றுக்குப் பச்சைத் தலை?*
– எட்டாம் வகுப்பு மாணவன், வள்ளியூர்

மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு கல் மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும், கவனித்திருக்கிறாயா தம்பி? உங்கள் ஊர்க் கல்லில் முன்பு 7 என்று எழுதியிருக்கும். வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை 2,369 கிலோமீட்டர், நாட்டிலேயே நீளமான சாலை. 2010இல் எண்களையெல்லாம் மாற்றியபோது அது 44 ஆயிற்று. இப்போது ஸ்ரீநகரிலிருந்து தொடங்குகிறது, 3,745 கிலோமீட்டர். நீ ஓர் அடிகூட நகராமல் காஷ்மீர் சாலைக்காரன் ஆகிவிட்டாய்.

*எங்கள் ஊர்ச் சாலையோரம் இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் குறுக்காகக் கிடக்கிறது. என் மகன் அது பழைய கோயில் வாசல் என்கிறான். நீங்கள் பார்த்திருப்பீர்களே?*
– வாசகர், நாங்குநேரி

பார்த்திருக்கிறேன், ஒன்றைத் தூக்கியும் நட்டிருக்கிறேன். அது சுமைதாங்கி.

வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுகிற கல் அது. இறக்கி வைக்காமலே போய்விட்டாளே, மற்றவர்கள் சுமையையாவது இது இறக்கட்டும் என்று. உயரத்தைப் பாருங்கள், தோள் மட்டத்தை ஒட்டி இருக்கும். தலைச்சுமைக்காரருக்குத் தரையில் இறக்குவது பெரிதில்லை; திரும்பத் தூக்கிவிடத்தான் ஒரு கை வேண்டும். ஆளில்லாத சாலையில் யாரைக் கூப்பிடுவது? இந்தக் கல்லின் மேல் தலையிலிருந்து அப்படியே சாய்த்துத் தள்ளிவிடலாம். கிளம்பும்போது கொஞ்சம் குனிந்து தலையைக் கொடுத்தால் சுமை தானாக ஏறிக்கொள்ளும்.

கிளைச்சாலை ஒன்றை அகலப்படுத்தியபோது இயந்திரம் ஒரு சுமைதாங்கியைப் பெயர்த்து ஓடையில் தள்ளிவிட்டது. எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. ஒப்பந்தக்காரரிடம் கேட்டால், “கணக்கில் இல்லாத கல், சார்” என்றார். மதிப்பீட்டில் அந்தக் கல் இல்லைதான். நானும் சாலைப் பணியாளர்களான கேங்மேன்கள் இரண்டு பேரும் மாலை வேலை முடிந்த பிறகு கடப்பாரையும் கயிறுமாக ஓடையில் இறங்கினோம். குறுக்குக்கல் சேற்றில் புதைந்து கிடந்தது. தண்ணீர் விட்டுக் கழுவியபோது அதன் பக்கவாட்டில் எழுத்துகள், பாதி தேய்ந்துபோனவை. ஒரு பெண்ணின் பெயர் மட்டும் வாசிக்க முடிந்தது. புதுச் சாலைக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் குழி எடுத்து நட்டோம். மட்டம் பார்க்க நான் குழாய் கொண்டு போயிருந்தேன்; கேங்மேன்களில் மூத்தவர் “நாளைக்கு யாராவது வந்து சொல்வார்கள், விடுங்கள்” என்றார்.

சொன்னார்கள். மறுநாள் காலையில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பாட்டி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் போய்க் கட்டைச் சாய்த்துவிட்டு, வெற்றிலைப் பையை எடுத்தாள். போட்டு முடித்துவிட்டு, “அரை சாண் உயர்த்திவிட்டீர்களே, குட்டைக்காரி என்ன செய்வாள்?” என்றாள். திரும்பவும் தோண்டினோம்.

நகரத்து நடையில் காட்டுவதற்கு ஒன்றுகூட மிச்சம் இல்லை. உங்கள் ஊரில் நிற்பதற்குச் சுற்றிலும் செடி மண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகனை அதன் பக்கத்தில் நிற்க வைத்து, தோளுக்குச் சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

*பாளையங்கோட்டை என்கிறார்கள். கோட்டை எங்கே?*
– வாசகர், விருதுநகர்

இந்தக் கேள்வி வராத நடையே கிடையாது. கோட்டையை இடித்துவிட்டார்கள். மிச்சமிருந்த வாசல் மேட்டின் மேல் போலீஸ் ஸ்டேஷனை வைத்தார்கள். மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்றே பெயர் விழுந்துவிட்டது. படியேறிப் புகார் கொடுக்கப் போன எத்தனையோ பேருக்குத் தாங்கள் கோட்டை ஏறுவது தெரியாது.

ஆனால் அந்த மேட்டின் முன் நின்றுதான் ஊமைத்துரை கதையைச் சொல்ல வேண்டும். அண்ணன் கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில், இதே நெடுஞ்சாலையின் ஓரத்தில், தூக்கில் போட்டார்கள். ஊமைத்துரையையும் உறவினர்களையும் இந்தக் கோட்டைக்குள் அடைத்தார்கள். 1801 பிப்ரவரி 2 அன்று அவர்கள் தப்பினார்கள். விறகு விற்பவர்கள்போல் வந்த ஆட்கள் கட்டுக்குள் ஆயுதம் வைத்திருந்தார்கள் என்று கதை சொல்வார்கள். தப்பியவர்கள் ஓடி ஒளியவில்லை. நேரே பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய், கும்பினிக்காரன் (கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன்) தரைமட்டமாக்கிய கோட்டையைத் திரும்ப எழுப்பினார்கள். படை எடுத்து வந்தவர்கள் சுவரைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். மண் வேலை தெரிந்தவன் என்ற முறையில் எனக்குப் போரைவிட அந்தச் சுவர்தான் ஆச்சரியம். எத்தனை கூடை, எத்தனை கை, இரவில் வெளிச்சத்துக்கு என்ன செய்தார்கள்?

*கயத்தாறுக்கும் ஒரு நடை வையுங்களேன். அங்கே கல் போடுவார்களாமே?*
– வாசகி, கழுகுமலை

தூக்குப் போட்ட இடத்தில் வழிப்போக்கர்கள் ஆளுக்கு ஒரு கல் எடுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள், அது குவியலாகக் கிடந்தது என்பது பழைய செய்தி. வெள்ளைக்காரன் ஆட்சியில் சிலையா வைக்க முடியும்? கல்லைப் போடுவதை யார் தடுப்பது? நடந்து போகிறவனால்தான் அது முடியும், அம்மா. அறுபது மைல் வேகத்தில் போகிறவன் எதையும் போடமாட்டான், பாட்டிலைத் தவிர. இப்போது அங்கே நிற்கும் சிலை 1970இல் நடிகர் சிவாஜி கணேசன் வைத்தது.

வைக்கலாம். மார்கழியில் பார்ப்போம்.

*நீங்கள் காட்டும் வழியில் எல்லாம் ஆண்கள் பெயர்தானா? நான் சாராள் தக்கர் கல்லூரியில் படித்தவள், அதனால் கேட்கிறேன்.*
– வாசகி, நாகர்கோவில்

சாலையே மங்கம்மாளுடையது, மறந்துவிடாதீர்கள்.

பாளையங்கோட்டைக்குள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊர் சொல்லும் சிறிய சர்ச் இருக்கிறது. 1785இல் எழுந்தது. கட்டியவர் குளோரிந்தா. தஞ்சைப் பக்கத்து மராத்திப் பிராமணக் குடும்பத்து விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்து, அவரும் இறந்த பிறகு, 1778இல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் (பாதிரியாரை இங்கே ஐயர் என்போம்) ஞானஸ்நானம் பெற்றார். அந்தக் காலத்தில் இந்தப் பெண்ணை எந்த வீட்டுத் திண்ணை ஏற்றிருக்கும் என்று யோசியுங்கள். அவர் ஒரு கோயிலையே கட்டிவிட்டார். ஊரும் அவரை அவர் பிறந்த சாதியின் பெயராலேயே இன்றுவரை கூப்பிடுகிறது. இது மரியாதையா, விடாப்பிடியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முருகன்குறிச்சியில் வானத்தைக் குத்தும் ஊசிக்கோபுரத்தைப் பார்த்துப் படம் எடுப்பவர்கள் அதிகம். அது ரேனியஸ் ஐயர் 1826இல் கட்டிய கோயில், கோபுரம் பிறகு வந்தது. எனக்குச் சின்னக் கோயில்தான் பிடிக்கும்.

உங்கள் கல்லூரிக்குப் பெயர் தந்த சாராள் தக்கர் இந்த மண்ணை மிதித்ததே இல்லை. உடல் நலமில்லாமல் இங்கிலாந்திலேயே இருந்துகொண்டு இங்குள்ள பெண் பிள்ளைகள் படிக்கப் பணம் திரட்டியவர். என்னுடைய நடையில் நடக்காமலே இடம் பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

*ஆஷ் துரை கல்லறையைக் காட்டுவீர்களா? காட்டக் கூடாது என்பது என் கருத்து.*
– வாசகர், செங்கோட்டை

செங்கோட்டைக்காரர் நீங்கள், கோபம் இருக்கும். வாஞ்சி உங்கள் ஊர்ப் பிள்ளை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. கேட்பவர்களுக்குக் காட்டுவேன். பூப் போடச் சொல்ல மாட்டேன், எச்சில் துப்பவும் விட மாட்டேன்.

*நடையில் இருட்டுக்கடை அல்வா உண்டா?*
– வாசகர், சென்னை

அது டவுனில், சாயங்காலம். நாம் நடப்பது எதிர்த்திசையில், காலையில். பங்குனி, சித்திரையில் வந்தால் ஓலைப் பட்டையில் பதநீர் வாங்கித் தருகிறேன். பட்டையை இரண்டு கையாலும் பிடிக்கத் தெரிய வேண்டும். தெரியாதவர் சட்டை குடிக்கும்.

*நாலுவழிச் சாலைக்காக எங்கள் பக்கத்துப் புளியமரங்களை எல்லாம் வெட்டினீர்கள். இப்போது பழைய சாலையின் பெருமை பேசுகிறீர்கள். இது என்ன நியாயம்?*
– வாசகர், கங்கைகொண்டான்

நியாயம் இல்லைதான்.

சாலையோரப் புளியமரம் ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. பட்டையைச் சுரண்டி, வெள்ளை அடித்து, அதன் மேல் கறுப்பில் எழுதுவோம். வருடா வருடம் காய்க்கும் புளியை ஏலம் விடுவோம். மரப் பதிவேடு என்று ஒரு பெரிய நோட்டு, அதை நான் பல வருடம் எழுதியிருக்கிறேன். எந்த நம்பர் மரம் இனிப்பு, எது இடி விழுந்து ஒரு பக்கம் காய்ப்பது, எதன் அடியில் பஸ்ஸுக்கு நிற்பார்கள் என்று மனப்பாடம். வெட்டும்போது அதே நோட்டை என்னிடம்தான் கொடுத்தார்கள். நம்பருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போடுவது என் வேலை. மூன்று நாள் போட்டேன்.

நாலுவழிச் சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊருக்குள் புகுந்து வந்த லாரிகள் தாழையூத்துக்குத் தெற்கே விலகி, கே.டி.சி. நகரைத் தொட்டு, ரெட்டியார்பட்டி மலையைப் பிளந்துகொண்டு போய்விட்டன. அதனால்தான் பழைய பாலத்தின் ஓரத்தில் இருபது பேரை நிறுத்திவைத்து என்னால் பேச முடிகிறது. முன்பு அப்படி நிறுத்தியிருந்தால் பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போயிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டது மரத்தைப் பற்றி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

*மழைக்காலத்திலும் நடை உண்டா?*
– வாசகி, தென்காசி

உண்டு, ஆனால் பாலத்துக்குக் கீழே இறங்குவது கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஆறு என்ன செய்தது என்று பார்த்தோம். தண்ணீர் வடிந்த பிறகு வந்த ஞாயிறு, எட்டுப் பேர்தான் வந்தார்கள். கீழே சேறு முழங்கால் அளவு. மேலேயே நின்றோம். ஆர்ச்சுகளில் வாழைத்தாரோடு ஒரு மரம், யார் வீட்டுக் கதவோ ஒன்று, ஏகப்பட்ட அமலைச்செடி எல்லாம் சிக்கிக் கிடந்தன. அன்றைக்கு ஒரு பையன் பதினொன்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, “எல்லாம் இருக்கிறது, தாத்தா” என்றான்.

குடை கொண்டுவாருங்கள். செருப்பு வேண்டாம், பின்பட்டை வைத்தது போட்டு வாருங்கள்.